கல்லா, மூடாக்கா? கோட்டையூர் வீட்டுக்கு நான் போட்ட கணக்கு

காரைக்குடிப் பக்கம் கோட்டையூர்ல இருக்கிற எங்க வீட்டுக்குப் போன பங்குனியில வெள்ளை அடிச்சு முடிச்ச கையோட வாசலையும் தோட்டத்தையும் சரி பண்ணிரலாம்னு ரெண்டு பேரக் கூப்பிட்டு விலை கேட்டேன். ஒருத்தர் சுத்திப் பாத்துட்டு, முன்னாடி பின்னாடி சைடு எல்லாத்துக்கும் வெள்ளைக் கூழாங்கல் போட்டுருவோம் சார், கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுட்டா களையே எட்டிப் பாக்காதுன்னாரு. இன்னொருத்தர், கல்லே வேணாண்ணே, தேங்கா நார்க்கழிவு ஒரு லோடு இறக்கி எல்லா எடத்துலயும் மூடாக்காப் பரப்பிருவோம், மண்ணும் நல்லாகும்னாரு. எலை, மட்டை, நாருன்னு மக்குற பொருளப் பரப்பி மண்ண மூடி வைக்கிறதத்தான் மூடாக்குன்னு சொல்றது. அவங்கவங்க விக்கிற பொருள அவங்க சொன்னாங்க, அதுல தப்பில்ல. ஆனா ரெண்டு பேருமே வீட்டைச் சுத்தி இருக்கிற மொத்த எடத்தையும் ஒரே எடமாப் பாத்தாங்க, எனக்கு அங்கதான் இடிச்சுச்சு. நம்ம செட்டிநாட்டு வீட்ட கட்டுனவங்களே முன்னாடி முகப்பு வேற, நடுமுத்தம் இருக்கிற வளவு வேற, அதுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டு வேறன்னு பிரிச்சுக் கட்டியிருக்காங்க, வெளியில மட்டும் எப்படி ஒரே பொருள் எல்லா எடத்துக்கும் சரியா வரும்.

எங்க வீட்டு அளவச் சொல்லிர்றேன், அப்பத்தான் கணக்கு புரியும். முன்வாசல் 300 சதுர அடி. சைடுல 4 அடி அகலத்துக்கு 60 அடி நீளமா ஒரு சந்து, அதாவது 240 சதுர அடி, ஓட்டுத் தண்ணி மொத்தமும் அந்தச் சந்துலதான் விழும். பின்னாடி தோட்டத்துல ஒரு மா, ரெண்டு தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, அப்பத்தா வச்ச பவளமல்லி, சுவரோரமா இட்லிப்பூச் செடி ஒரு வரிசை. மண்ணு செம்மண்ணு. வருஷத்துக்கு நம்ம பக்கம் சுமாரா 900 மில்லிமீட்டர் மழை, அதுல நெறையப் பங்கு ஐப்பசி கார்த்திகையில மொத்தமா வந்து ஊத்திட்டுப் போயிரும், அப்புறம் மாசி பங்குனி சித்திரைன்னு மண்ணு பொரிஞ்சு கெடக்கும். 100 சதுர அடி எடத்துல மட்டும் வருஷத்துக்கு 8000 லிட்டருக்கு மேல மழைத்தண்ணி விழுகுது. அத உள்ள விடப் போறோமா, தெருவுக்குத் தள்ளப் போறோமாங்கிறதுதான் மொதக் கேள்வி, கலரு அழகெல்லாம் அதுக்கு அப்புறம்.

அதனாலதான் அந்த பிளாஸ்டிக் ஷீட்ட மொதல்லயே வேணான்னுட்டேன். ஷீட்டு மேல கல்லப் போட்டா மழைத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்காது, மேலயே ஓடித் தெருவுக்குப் போயிரும், கொஞ்சம் பள்ளமா இருந்தா அங்கேயே தேங்கிக் கொசு வரும், வேருக்குக் காத்தும் போகாது. ஊரணி வெட்டி, அதுக்கு வரத்துக்கால் வெட்டி, ஓட்டுத் தண்ணியக்கூட வளவுல அண்டா வச்சுப் பிடிச்ச ஊரு இது, நம்ம கையால வாசல்ல ஷீட்ட விரிச்சுத் தண்ணிய வெளிய தள்ள எனக்கு மனசு வரல. கல்லுக்குக் கீழ கட்டாயம் ஏதாச்சும் வேணும்னா தண்ணி எறங்குற நெய்த பாய் கெடைக்குது, நர்சரியில வீட் மேட்னு கேட்டாக் குடுப்பாங்க. அதுவும் ஆள் நடக்கிற எடத்துக்கு மட்டும் போதும், செடி இருக்கிற பாத்தியில வேணாம். ஏன்னா கோரை எதையும் குத்திக்கிட்டு மேல வந்துரும், கெழங்கத் தோண்டி எடுக்காம மேல எத மூடினாலும் நிக்காது, மூணு மாசம் கழிச்சுக் கல்லையும் பாயையும் வாரிப் போட்டுட்டுப் புடுங்குறதுக்கு ஆரம்பத்துலயே மம்பட்டி போட்டு ஒரு தடவை, பத்து நாள் தண்ணி விட்டு மொளைக்க வச்சு இன்னொரு தடவைன்னு எடுத்துர்றது நல்லது.

வாங்கும்போது எங்க ஏமாறுவோம்னா அளவுலதான். கடையில மூட்டைக் கணக்குச் சொல்வாங்க, லாரிக்காரங்க யூனிட் கணக்குச் சொல்வாங்க, நார்க்கழிவு விக்கிறவங்க கட்டிக் கணக்குச் சொல்வாங்க. எல்லாத்தையும் சதுர அடிக்கு எவ்வளவுன்னு மாத்திட்டா யாரு விலை ஜாஸ்தின்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும். ஒரு யூனிட்டுன்னா 100 கன அடி. அத 2 இஞ்ச் கனத்துக்குப் பரப்புனா 600 சதுர அடி, 3 இஞ்ச்னா 400 சதுர அடி. கூழாங்கல் 40 கிலோ மூட்டை 2 இஞ்ச் கனத்துக்குப் பரப்புனா 5 சதுர அடிதான் வரும், கொஞ்சம் கூடப் பிடிச்சா அஞ்சே கால். அப்ப என் 300 சதுர அடி வாசலுக்கு 57 மூட்டை கிட்ட வேணும், ரெண்டே கால் டன்னு. அதே எடத்துக்கு ஜல்லின்னா அரை யூனிட்டு. மூட்டை விலையக் கேட்டா கம்மியாத்தான் தெரியும், 57ஆல பெருக்கிட்டு அப்புறம் பேசுங்க. நார்க்கழிவுக் கட்டி 5 கிலோ ஒண்ணத் தண்ணியில ஊறப்போட்டா 70 லிட்டர் கிட்ட உப்பி வரும், அது 3 இஞ்ச் கனத்துக்கு 10 சதுர அடி மூடும். இதுல ரூபாயச் சொல்லாததுக்குக் காரணம், ஒவ்வொரு லோடுக்கும் வண்டிவாடகையோட சேந்து விலை மாறுது, கணக்கு மாறாது.

இப்ப கல்லுக்கு வர்றேன். வெள்ளைக் கல்ல நான் வேணாம்னு சொல்றது கேள்விப்பட்டு இல்ல, பட்டுத்தான். மூணு வருஷம் முன்னாடி இட்லிப்பூ வரிசைக்கு அடியில வெள்ளைக் கல்லு வாங்கிப் போட்டேன், ஆத்துக் கூழாங்கல்லுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. போட்ட அன்னைக்கு என்னமோ பாக்க அவ்வளவு அழகு. ஒரு வருஷம் போகல, இலை எல்லாம் மஞ்சளாப் போச்சு, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது, பூ சிறுத்துருச்சு. உரம் பத்தலன்னு உரம் வச்சேன், தண்ணி பத்தலன்னு தண்ணி விட்டேன், ஒண்ணும் கேக்கல. அப்புறம் ஒருத்தர் சொல்லி அந்தக் கல்லு மேல வினிகர் ரெண்டு சொட்டு விட்டா, பொசபொசன்னு நொரை வருது. அது ஆத்துக் கல்லே இல்ல, மார்பிள் சில்லு, உருட்டி மழுமழுன்னு ஆக்குனது. மார்பிள்னா சுண்ணாம்புதான். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்ணு வேணும், நம்ம செம்மண்ணு அதுக்கு அத்தனை தோது, நான் போய் மேல சுண்ணாம்ப மழைக்கு மழை கரைச்சு விட்டிருக்கேன், மண்ணுல இருக்கிற இரும்புச்சத்த வேரு எடுக்க முடியாமப் போச்சு. எங்க போர் தண்ணியும் கொஞ்சம் உப்பு, அதுவும் சேந்துக்கிச்சு. கல்ல வாரி எடுத்துட்டு மூடாக்கு மாத்துன அப்புறம் ஒரு மழைக்காலம் தாண்டித்தான் புது இலை பச்சையா வந்துச்சு. அதனால வெள்ளைக் கல்லு வாங்கியே ஆகணும்னா ஒரு கல்ல எடுத்து வினிகர் சொட்டுங்க, நொரைச்சா செடி பக்கம் கொண்டு போகாதீங்க, இட்லிப்பூ, கார்டீனியா பக்கம் கொண்டே போகாதீங்க. நொரைக்காட்டியும் சித்திரை வெயில்ல அந்த வெள்ளை அடிக்கிற கூச்சம் கண்ணக் குத்தும், சூடு சுவத்துல திரும்பி அடிக்கும், ரெண்டு மழை பேஞ்சா செம்மண்ணு தெறிச்சு வெள்ளையே காணாமப் போயிரும். அடேனியம், கள்ளி வகை, காகிதப்பூ தொட்டி, இதுக்கெல்லாம் மேலாப்புல ஒரு பிடி போட்டா நல்லாத்தான் இருக்கு, அந்த அளவுக்கு வச்சுக்கலாம்.

கலர் பாலிஷ் கல்லு பத்திச் சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல, தொட்டிக்கு வாங்குங்க, வாசலுக்கு வேணாம். கடப்பாக் கல்லு மதியத்துல வெறுங்கால் வைக்க முடியாது.

ஜல்லி அழகுல கொறைச்சல்னு நெனைக்கிறாங்க, எனக்கு அப்படித் தோணல, மழை நனைஞ்சா அந்த நீலச் சாம்பல் கலரு தனி அழகு. புதுக்கோட்டைப் பக்கம் கிரஷர் நெறைய இருக்கதால நமக்கு வண்டிவாடகையும் பெருசா வராது. அளவுதான் முக்கியம். சந்துல ஓட்டுத் தண்ணி விழுகிற எடத்துக்கு ஒன்றரை ஜல்லி, அதாவது 40 எம்எம். மேல இருந்து விழுகிற தண்ணி கல்லுல பட்டு ஒடைஞ்சு சத்தமில்லாம எறங்கிரும், மண்ணா இருந்தா குழி பறிச்சு செஞ்சேறு தெறிச்சு சுண்ணாம்புச் சுவரு ரெண்டடி உயரத்துக்குச் செவந்து போயிரும். எங்க வீட்டுல வருஷா வருஷம் அந்தக் கரையத்தான் வெள்ளை அடிச்சு மறைச்சுக்கிட்டு இருந்தோம். 240 சதுர அடிக்கு 3 இஞ்ச் கனம், 60 கன அடி, முக்கா யூனிட்டு சொன்னா கொஞ்சம் மிஞ்சும். நடக்கிற எடத்துக்கு 40 எம்எம் ஆகாது, கால் பொரளும், அதுக்கு முக்கா ஜல்லி இல்ல அரை இஞ்ச். எந்த ஜல்லி வந்தாலும் கிரஷர் தூசியோட வரும், அப்படியே கொட்டிப் பரப்புனா அந்தத் தூசி மொத மழையில எறங்கி அடியில சிமெண்ட் மாதிரி எறுகிரும், சல்லடையில சலிச்சுட்டுப் போடச் சொல்லுங்க, இல்லன்னா கொட்டுன எடத்துல ஓஸ் புடிச்சு அலசிட்டு அப்புறம் பரப்பச் சொல்லுங்க.

முன்வாசல்தான் நான் ரொம்ப யோசிச்ச எடம். கூழாங்கல்லு போட்ட வீடுகள சென்னையில பாத்துட்டு வந்து இங்கயும் கேக்கிறாங்க, ஆனா நம்ம வீட்டு வாசல்ல என்னென்ன நடக்குதுன்னு ஒரு தரம் நெனைச்சுப் பாருங்க. காலையில கோலம் போடணும். வீட்டுல ஒரு காதுகுத்து, அறுபதாம் கல்யாணச் சாந்தின்னா பந்தல் போடணும், நாற்காலி போட்டா கூழாங்கல்லுல நாலு காலும் நாலு பக்கம் போகும். எண்பது வயசுல இருக்கவங்க கம்பு ஊன்றி நடந்து வருவாங்க, கம்பு கல்லுக்குள்ள எறங்கும். எங்க பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தவங்க புதுசாக் கல்லு போட்ட சொந்தக்காரங்க வீட்டு வாசல்ல கால் பெசகி விழுந்து மாசக்கணக்குல கட்டுல கெடந்தாங்க, அதப் பாத்ததுல இருந்து எனக்கு உருள்ற கல்லு வாசலுக்கு வேணவே வேணாம்னு முடிவாயிருச்சு.

அப்ப வாசலுக்கு என்னன்னா, சரளை. நம்ம ஊரு செஞ்சரளைதான், கிராவல்னு சொன்னா லாரிக்காரங்களுக்குத் தெரியும். 4 இஞ்ச் பரப்பித் தண்ணி தெளிச்சு ரோலர் உருட்டுனா 3 இஞ்சா எறுகும், 300 சதுர அடிக்கு சரியா ஒரு யூனிட்டு. மேலாப்புல அரை இஞ்சுக்கு 6 எம்எம் சிப்ஸ் தூவி இன்னொரு தரம் உருட்டிட்டா மழையில செஞ்சேறு கால்ல ஒட்டுறது நின்னுரும். தண்ணி மெல்ல எறங்கும், நாற்காலி நிக்கும், கம்பு நிக்கும். நெலப்படி முன்னால மட்டும் 4 அடிக்கு 6 அடி பலகைக் கல்லு பதிச்சாச்சு, கோலத்துக்கு. கொறையும் சொல்லிர்றேன், மொத மழைக்காலத்துல அங்கங்க அமுங்கும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மேல கொஞ்சம் போட்டு உருட்டணும், கார் உள்ள வர்ற வீடுன்னா டயர் தடம் விழும். இன்னொண்ணு, ஜல்லியோ சரளையோ எது வாங்குனாலும் பில்லும், லோடு ஏத்திப் போக அனுமதி குடுத்த நடைச்சீட்டும் கேட்டு வாங்குங்க, கண்மாயில அனுமதி இல்லாம அள்ளுன லோட நம்ம வாசல்ல கொட்டிக்க வேணாம், நம்ம கெணத்துக்கு ஊத்து வர்றது அந்தக் கண்மாயிலதான்.

செம்புறாங்கல்லப் பத்திச் சொல்லாம விட்டா இந்த ஊர்ல இருந்து எழுதுறதுல அர்த்தமே இல்ல. ஊரணிப் படியில, சுத்துச்சுவர்ல, பழைய காம்பவுண்டுல எல்லாம் இருக்கிற அந்த ஓட்டை ஓட்டையான செவப்புக் கல்லுதான். வெட்டும்போது மெதுவா இருக்கும், வெளிக்காத்து பட்டப் பட எறுகும். புக்கானன்ங்கிற வெள்ளைக்காரர் கேரளா அங்காடிப்புரத்துல இதச் செங்கல் மாதிரி வெட்டி எடுக்கிறதப் பாத்துட்டுத்தான், 1807ல வந்த தன்னோட புத்தகத்துல இதுக்கு லேட்டரைட்னு பேர் வச்சாரு, செங்கல்லுக்கு இருக்கிற லத்தீன் வார்த்தையில இருந்து. எங்க பின்சுவரு ஒரு பத்தடி மழையில சரிஞ்சு கெடந்துச்சு, அந்தக் கல்ல விக்கச் சொன்னாங்க, நான் குடுக்கல. பாத்திக்கு ஓரம் கட்ட, செடிக்கு நடுவுல கால் வச்சு நடக்க, இதவிட நல்ல கல்லு கெடையாது. தண்ணிய உறிஞ்சும், சூட்டை ஜல்லி மாதிரி அடிச்சுத் திருப்பாது, இதுல சுண்ணாம்பு இல்லாததால இட்லிப்பூவுக்கும் ஆகும். நெழல்ல கெடந்தா மழைக்காலத்துல பாசி பிடிச்சு வழுக்கும், தென்னந்தொடப்பத்தால ஒரு தரம் தேச்சு விடணும். பழைய வீடு இடிக்கிற எடத்துல கேட்டுப் பாருங்க, புதுசா வெட்டுன கல்ல விட அது எறுகிப்போன கல்லு.

இடிச்ச வீட்டுல இன்னொரு நல்ல பொருள் கெடக்கும், ஒடைஞ்ச நாட்டு ஓடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல தூணும் கதவும் நெலையும் தேடி வெளியூர்க்காரங்க வர்றாங்க, ஒடைஞ்ச ஓட்ட யாரும் கண்டுக்கிறதில்ல, கேட்டா வண்டி வச்சு எடுத்துட்டுப் போங்கம்பாங்க. அந்த ஓட்டாஞ்சில்ல ரெண்டு இஞ்ச் அளவுக்கு ஒடைச்சு தொட்டியிலயும் கறிவேப்பிலை அடியிலயும் போட்டா கல்லுக்கும் மூடாக்குக்கும் நடுவுல ஒண்ணு, சுட்ட மண்ணுங்கிறதால தண்ணிய ஊறி வச்சுக்கிட்டு மெதுவா விடும். கூர் முனை மேல தெரியாமப் பாத்துக்கணும், புள்ளைங்க ஓடுற எடத்துல வேணாம். ஆத்தங்குடித் தரைக்கல்லு ஒடைஞ்சத இதே மாதிரி போடலாமான்னு கேட்டாங்க, அது பின்பக்கம் சிமெண்டு, செடிக்கு ஆகாது. முழுசா இருக்கிறத நடைபாதையில பதிக்கவும் வேணாம், ஈரம் பட்டா வழுக்கும், வெயில் மழையில பளபளப்பு போயிரும், அது வளவுக்குள்ள இருக்க வேண்டியது.

கல்லு இதோட போதும். மரத்தடிக்கு கல்லே வேணாம்ங்கிறதுதான் என் முடிவு, ஏன்னா கல்லு மண்ணுக்கு ஒண்ணும் குடுக்காது, மூடாக்கு மக்கி மண்ணாகும். செம்மண்ணுல மக்குனது ரொம்பக் கம்மி, வெயில் பட்டா மேல ஓடு மாதிரி எறுகி அடுத்த மழைத்தண்ணி உள்ள போகாது, மூடாக்குக்கு அடியில கைய விட்டுப் பாத்தா சித்திரையிலயும் ஈரம் இருக்கும், மண்புழு இருக்கும். இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராச் சொன்னது இதத்தான், நம்ம பக்கத்துலயே புதுக்கோட்டை ஒடுகம்பட்டியில கொழிஞ்சிப் பண்ணைன்னு ஒரு இயற்கைப் பண்ணை இருக்கு. ஆனா எந்த மூடாக்குங்கிறதுலதான் ஆளாளுக்குக் கொழப்பம்.

நார்க்கழிவு நமக்குப் பக்கத்துலயே சிங்கம்புணரியில கயித்துத் தொழில் நடக்கிறதால லோடாவே கெடைக்கும். தன் எடையப்போல அஞ்சாறு மடங்கு தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், அதுக்குச் சமமா எதுவும் இல்ல. ஆனா பச்சையா வர்றத அப்படியே போடாதீங்க, அதுல உப்பும் துவர்ப்புச் சாயமும் இருக்கும், கழுவாமப் போட்டா தேயிலைத் தண்ணி மாதிரி வடிஞ்சு சிமெண்டுத் தரை கறையாகும், எளஞ்செடி கருகும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற முறையில ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காப் போட்டு நனைச்சு 60 நாள் மக்க வச்சா கருப்பா உரமாகிரும், வீட்டுக்கு அவ்வளவு தேவைப்படாது, மக்குனதக் கேட்டு வாங்குறது லேசு. மக்குனதான்னு தெரியணும்னா ஒரு கொட்டாச்சியில போட்டுப் பத்து பச்சப்பயறு ஊன்றிப் பாருங்க, எட்டு ஒம்போது நல்லா மொளைச்சு வந்தா வாங்கலாம். இன்னொண்ணு, ஐப்பசி மழைக்கு முன்னாடி போட்டா மொத்தமும் மெதந்து வாய்க்காலுக்குப் போயிரும், எங்க தோட்டத்துலயே ஒரு வருஷம் பாதி போச்சு.

தேங்கா உரிமட்டை எனக்கு நார்க்கழிவ விடப் பிடிக்கும், மெதக்காது, காத்துல பறக்காது, ரெண்டு வருஷம் தாங்கும். தென்னைக்கு பல்கலைக்கழகப் பரிந்துரையே இருக்கு, மரத்தச் சுத்தி 1.8 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்துல 100 மட்டை, முதுகுப் பக்கம் மேல பாக்கணும். குப்புற வைக்கிறதுதான் விஷயமே, மல்லாக்க வச்சா ஒவ்வொரு மட்டையும் ஒரு கிண்ணம், மழை நின்ன ஒரு வாரத்துல டெங்குக் கொசு. எங்க தோட்டத்துல வேலை பாக்குற அண்ணன் மொதல்ல அழகா வரிசையா மல்லாக்க அடுக்கி வச்சிருந்தாரு, சொன்ன அப்புறம் மொத்தத்தையும் திருப்புனோம்.

கடலைத் தோல் ஆலங்குடிப் பக்கம் செக்கு, உடைப்பு மில்லுல கேட்டா மூட்டை மூட்டையாக் குடுப்பாங்க, சீக்கிரம் மக்கும், மண்ணுக்கு ரொம்ப நல்லது, ஆனா ஆடி மாசக் காத்துல பறக்கும், உள்ள ஒண்ணு ரெண்டு பருப்பு கெடந்தா எலி வரும், அதனால வீட்டச் சுத்தி வேணாம், தோட்டத்துக் கடைசிக்கு வச்சுக்கோங்க, மேல நாலு தென்னமட்டை போட்டு அமுக்குனா பறக்காது. வைக்கோல் நல்ல மூடாக்குதான், ஆனா வேலி இல்லாத வீட்டுல மாடு வந்து தின்னுட்டுப் போகும், மாட்டுக்குப் போறது நல்லதுதானே, அத எதுக்கு மண்ணுல போடணும். மரத்தூள் வாங்காதீங்க, சப்பாத்தி மாதிரி எறுகித் தண்ணிய விடாது, பட்டறையில பிளைவுட்டு தூளும் கலந்திருக்கும், அதுல பசை இருக்கு. பழைய வீட்டு மரத்த செதுக்குன சுருளும் வார்னிஷ் பெயிண்டோட வரும், அதுவும் வேணாம். தைலமரப் பட்டையும் சீமைக்கருவேலச் சிலாம்பும் மலிவாக் கெடைக்குது, ரெண்டும் பக்கத்துல வேற செடி மொளைக்க விடாத சாதி, ஆறு மாசம் குமிச்சு மக்க வச்சுட்டு நடைபாதைக்குப் போடலாம், கருவேலங்காய் ஒண்ணுகூட கலந்திருக்கக் கூடாது, பாத்துப் பொறுக்கிருங்க.

எல்லாத்தையும் விட நான் ஒசத்தியாச் சொல்றது காஞ்ச எலைதான். வேம்பும் புங்கையும் மாவும் பங்குனியில கொட்டுறத நாம கூட்டிக் குமிச்சுக் கொளுத்துறோம், அந்தப் பொகையில பக்கத்து வீட்டுக் கொழந்தைக்கு இருமல் வருது, அப்புறம் காசு குடுத்து மூடாக்கு வாங்குறோம், எனக்கு அது தாங்கவே மாட்டேங்குது. எட்டு இஞ்ச் கனத்துக்குப் போட்டா ரெண்டு மழையில மூணு இஞ்சா அமுங்கிரும். என் மாமரத்தச் சுத்தி 6 அடி ஆரத்துக்கு வட்டம், 113 சதுர அடி, அதுக்கு நார்க்கழிவுக் கட்டின்னா 11 வாங்கணும், எலைன்னா தெருவுல நாலு வீட்டுல கேட்டாப் போதும்.

கரையான் வரும்னு பயப்படுவாங்க, அந்தப் பயம் நியாயம்தான், செம்மண்ணும் காஞ்ச மட்டையும் சேந்தா கரையான் வராம இருக்காது. அது மக்குன மரத்தத் தின்னுட்டுப் போகட்டும், உயிர்மரத்துக்கும் வீட்டுக்கும் வராமப் பாத்துக்கணும், அதுக்கு ரெண்டே விஷயம்தான். மரத்தண்டு கிட்ட ஒரு சாண் எடம் சும்மா விடணும், மலை மாதிரி தண்டோட அணைச்சுக் குமிச்சா பட்டை அழுகும். வீட்டுச் சுவர்ல இருந்து ரெண்டடிக்கு மூடாக்கே கூடாது, அந்த ரெண்டடிதான் ஜல்லிக்கு எடம். பர்மாத் தேக்க கரையான் லேசுல தொடாது, ஆனா எல்லா நெலையும் தேக்கு இல்லையே. தேளு பூரானுக்கு ரெண்டுமே எடம் குடுக்கும், பெரிய கல்லு இடுக்கு ரொம்பவே குடுக்கும், அதனால வாசப்படிப் பக்கம் பெரிய கல்லும் வேணாம், கனமான எலையும் வேணாம். ராத்திரியில அப்பத்தா பாம்புன்னு பேர் சொல்ல மாட்டாங்க, பூச்சிம்பாங்க, அந்தப் பூச்சிக்காகத்தான் சந்துல ஒரு லைட்டும் போட்டோம்.

வீட்டப் பூட்டிட்டு சிங்கப்பூர், சென்னைன்னு இருக்கவங்க வருஷத்துல பத்து மாசம் ஆள் இல்லாத வீட்டுக்குக் கேட்டா என் பதில் வேற. கூழாங்கல்லு போட்டா பராமரிப்பே வேணாம்னு நெனைச்சுத்தான் போடுறாங்க, ஆனா எலை விழுந்து கல்லு இடுக்குல மக்கி அதுவே மண்ணாகி, ரெண்டே வருஷத்துல கல்லு மேல தோட்டம் மொளைச்சுரும், கல்லுக்கு நடுவுல இருந்து எலையக் கூட்டவும் முடியாது. அந்த மாதிரி வீட்டுக்கு சுவரச் சுத்தி ரெண்டடி ஜல்லி, மிச்ச எடம் முழுக்க உருட்டுன சரளை, மரம் இருந்தா அதச் சுத்தி மட்டும் உரிமட்டை. வீட்டுக்கு முன்னாடி எலைக்குவியல் வேணாம், கரையான் வந்தாப் பாக்க ஆள் இல்ல.

எப்ப வாங்குறதுன்னா, கல்லு சரளை எல்லாம் பங்குனி சித்திரையில, மண்ணு காஞ்சு கெட்டியா இருக்கும்போது, லாரி சந்து வரைக்கும் வரும், தரையும் அமுங்காது. மூடாக்கு தையில, மழை முடிஞ்சு மண்ணு நல்லா நனைஞ்சு இருக்கும்போது, ஏன்னா மூடாக்கு இருக்கிற ஈரத்தக் காப்பாத்தும், இல்லாத ஈரத்தக் குடுக்காது, காஞ்ச மண்ணு மேல போட்டா லேசாப் பெய்யுற கோடை மழைய அதுவே குடிச்சுட்டு மண்ணுக்கு விடாது. லோடு இறக்கும்போது நீங்க நில்லுங்க. வண்டிக்காரங்க நெழலா இருக்குன்னு மரத்தடியிலதான் கொட்டுவாங்க, ஒரு யூனிட்டு ஜல்லி நாலு டன்னுக்கு மேல, அந்த வெயிட்டு வேரு மேல ஒரு வாரம் கெடந்தா மண்ணு அமுங்கிப் போயிரும், அப்புறம் எத்தனை மூடாக்கு போட்டாலும் அந்த எடம் மட்டும் தண்ணி குடிக்காது. எங்க முருங்கைக்குப் பக்கத்துல இன்னைக்கும் அப்படி ஒரு எடம் இருக்கு, இந்தத் தையில கடப்பாரை போட்டுக் குத்தி விட்டு அதுக்கு மேல எலை போடலாம்னு இருக்கேன்.